பதினாலாம் இலக்கம்

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
மூன்று மாடி, நாற்பத்திரண்டு ஷட்டர்.
காலையில் உயர்வது நாலு:
பாமசி, லொத்தர் கவுண்டர்,
நஸீர் நானாவின் ஃபோன் திருத்தும் கடை,
பிறகு நான்.
போட்டோ கொப்பி, லமினேட், பாஸ்போட் படம்.

மற்றவை நாடா வெட்டிய ஆண்டே பூட்டியவை.
பூட்டுக்குள் பாசி.
மூன்றாம் மாடியில் புறாக்கள்
மீற்றர் இல்லாமல், வரி இல்லாமல்
வம்சம் பெருக்குகின்றன.

சித்திரை கழிந்து நகரசபை
ஷட்டர் ஒன்றில் அறிவித்தல் ஒட்டியது.
சிங்களத்தில் சரி. ஆங்கிலத்தில் சரி.
தமிழில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது:
"வர்த்தக வலயம்
வதிவிட லயமாக மாற்றப்படும்.
ஆட்சேபனை முப்பது நாளுக்குள்."

வாசித்த கொழுந்துக்காரப் பெண்கள் சிரித்தார்கள்.
சிரிப்பு சீக்கிரம் நின்றது.
"டவுனுக்கு வந்தாலும் லயந்தானா?"
சந்தனமேரி என் மேசையிலிருந்து பேனையை எடுத்து
ஈரப் பசையின் மேல்
'வ' ஒன்றைச் சொருகினாள்.
கொஞ்சம் கோணல்.
ஆனாலும் வலயம்.

அவளிடம் ஒரு கடிதம் உண்டு,
ஷொப்பிங் பைக்குள் நாலாய் மடித்து.
மண்சரிவு அதி அபாயம், உடன் வெளியேறவும்.
எங்கே என்று அதில் இல்லை.
மூன்று வருடமாக மழைக்கு மழை
அதையே கொப்பி அடித்துக் கொடுக்கிறேன்.
எழுத்து மங்குகிறது,
சுவர் வெடிப்பு மட்டும் அகலுகிறது.
"இப்ப கை நுழையுதுக்கா."

அன்று என் கடையைக் காலடியால் அளந்தாள்.
பத்துக்குப் பன்னிரண்டு.
"எங்க காம்பராவும் இதேதான்க்கா."
திட்டத்தில் ரெண்டு கடைக்கு ஒரு வீடு,
நடுச்சுவர் போகும்,
ஆக இருபத்தொரு வீடு.
விண்ணப்பம் நூற்று எண்பத்தேழு.
எனக்குத் தெரியும்,
எல்லாம் என் மெஷினில் படுத்து எழுந்தவை.

வர்த்தகர் சங்கத்தின் ஆட்சேபனையும் அப்படியே.
அறுபது பிரதி, நல்ல தாள் கேட்டார்கள்.
நகரின் முகம் கெடும்.
பால்கனியில் துணி காயும்.
கருவாடு பொரிக்கும் வாசம் பயணிகளுக்கு ஆகாது.
ஐந்தாம் பந்தியில் வாகனத் தரிப்பிடம் பற்றி
ஒரு நியாயமும் இருந்தது.
கையெழுத்திட்ட தெய்வேந்திரன் முதலாளிக்கு
இதே கட்டடத்தில் ஐந்து ஷட்டர்.
ஒன்றும் திறந்து நான் பார்த்ததில்லை.
பச்சை வெளிச்சம் இரு தரப்புக்கும்
ஒரே வேகத்தில் ஓடியது.

என் லாச்சியிலும் ஒன்று கிடந்தது.
குவைத்தில் ஏழு வருடம் துடைத்த தரைதான்
இந்தக் கடையின் முற்பணம்.
அதை யார் தருவார், எப்போது
என்று கேட்டிருந்தேன்.
மரியாதையாகத்தான்.

சந்தனமேரியிடம் சொன்னேன்.
அவள் கோபப்படவில்லை.
"கேளுங்கக்கா, கேக்கத்தானே வேணும்."
பிறகு, எங்கேயோ பார்த்தபடி:
"பதினாலுன்னு போட்டா
தபால்காரன் நேரா கதவுக்கு வருவானில்ல?
எங்களுக்கு வாறதெல்லாம்
தோட்டத்து ஆபிஸ் மேசையில கிடக்கும்.
மகனோட இன்டர்வியூ கடிதம்
திகதி முடிஞ்சு பதினோரு நாள்..."
கீழே பொடி மெனிக்கே கூவியது.
மீதி எனக்குக் கேட்கவில்லை.

முப்பதாம் நாள், மூன்றரை மணி.
நகரசபைக் கவுண்டரில் புஷ்பா நோனா
என் கடிதத்தைப் புரட்டினார்.
"விலாசம் கடையா, வீடா?"

மெஷினுக்குப் பின்னால் ஒரு பாய்,
ஒரு கேத்தல், கண்ணாடி மாட்டிய ஆணி,
ஆறு வருடம்.
சட்டப்படி அங்கே யாரும் வசிக்கவில்லை.

"ரெண்டும்" என்றேன்.
"ஒன்றைத்தான் எழுதலாம், மிஸ்."

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது.
கைப்பையில் பேனையைத் தேடினேன்.
அது இன்னும்
சந்தனமேரியிடம்தான்.